பதினொரு வீட்டுச் சாமான்களும் உன் பான் எண்ணும்

ஐயா, வருமான வரித்துறைக்கு நீ எழுதி வைத்திருக்கும் பதிலை இதைப் படித்து முடிக்கும்வரை அனுப்பிவிடாதே. வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் குரல் பதிவு அனுப்பினால் அதை நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய் என்று உன் மனைவி என்னிடம் சொல்லிவிட்டாள். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். இந்த விஷயத்தை மெதுவாகப் படிப்பது நம் இருவருக்கும் நல்லது. கோபர்கைரனேயில் ரயில் ஏறி நின்றுகொண்டே படிக்காதே. வீட்டில் உட்கார்ந்து படி.

உன் பதிலின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கிறது. 'அண்டை வீட்டாரின் பழைய பொருட்களை விற்றுக் கொடுத்ததற்காக நானோ என் குடும்பத்தினரோ எந்தக் கமிஷனும் பெறவில்லை.' போன வாரம் அதை எனக்கு அனுப்பி, "அப்பா, நீங்க ரிப்போர்ட்டர்தான, ஒரு தடவை செக் பண்ணுங்க" என்றாய். நானும் படித்தேன். இரண்டு இடங்களில் காற்புள்ளி வைத்தேன், நம் கட்டடம் இருந்த திலக் நகரின் பின்கோடைத் திருத்தினேன், 'நன்றாக இருக்கிறது' என்று திருப்பி அனுப்பினேன். அந்த வரி பொய். உனக்குத் தெரியாத பொய். அதன் கீழே நீ கையெழுத்துப் போட்டால் உன் வேலைவரைக்கும் வரக்கூடிய பொய். அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இத்தனை தாள்கள். உன் பதில் போய்ச் சேர்ந்து, எல்லாம் ஓய்ந்த பிறகு, பெயர்களை எடுத்துவிட்டு இதை நம் தமிழ்ச் சங்கத்து இதழில் போடக் கொடுக்கலாம் என்றும் நினைக்கிறேன். செம்பூரிலும் தாராவியிலும் காலி செய்யப்போகிற கட்டடங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

ஆரம்பம் உனக்குத் தெரியும். ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன், வரிசை தவறினால் எனக்கே குழம்பிவிடும். நம் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவானதும், எல்லாரும் இரண்டு மூன்று வருஷத்துக்கு வாடகை வீடு தேட வேண்டி வந்தது. கிடைத்த வீடுகள் எல்லாம் சின்னவை. பீரோ நுழையாது, கட்டில் நுழையாது. பழைய சாமான் எடுக்கும் பங்கார்வாலா தள்ளுவண்டியோடு வந்து நின்றான். நம் மாடியிலேயே குடியிருந்த சண்முகத்தாயின் ஃபிரிட்ஜைத் தட்டிப் பார்த்து, "தீன் சௌ. பஸ்", முந்நூறு, அவ்வளவுதான் என்றான். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து, தவணை கட்டி வாங்கிய ஃபிரிட்ஜ். "எய்யா, முந்நூறு ரூபாய்க்கு இதுல ஒரு தட்டுகூட வராதே" என்று அவள் தமிழில் சண்டை போட, அவன் இந்தியில் சிரித்துக்கொண்டிருந்தான். அதற்கு முந்தின வாரம்தான் நீ நம் சோபாவை போனில் ஒரு விற்பனைத் தளத்தில் படம் போட்டு ஒரே நாளில் விற்றிருந்தாய். நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இதை ஏன் இவன்கிட்ட குடுக்கணும்? எங்க பையன் போன்ல போட்டான்னா எட்டாயிரத்துக்குப் போகும்." முதல் தவறு அது. என்னுடைய பெருமைக்கு உன்னுடைய பெயரைக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் நீ வந்து சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். "என்னைக் கேக்காம ஏம்பா ஒத்துக்கிட்டீங்க? நான் பேங்க்ல இருக்கேன். சைடு பிசினஸ் பண்றான்னு எவனாவது ஒரு மெயில் போட்டா நௌக்ரி கயி, வேலை போயிடும். சரி, சொல்லிட்டீங்க, பண்ணித் தரேன். ஆனா ஒரு ரூபா கமிஷன் கிடையாது. யாராவது குடுத்தாலும் வாங்காதீங்க." கடைசி வாக்கியம் என்னைப் பார்த்துச் சொன்னது. நான் தலையாட்டினேன்.

எட்டாயிரத்துக்குத்தான் போனது அந்த ஃபிரிட்ஜ். அதன் பிறகு கட்டடமே உன் பின்னால் வந்தது. மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உனக்கு இல்லை. காலையில் வந்து படம் பிடிப்பாய், அளவெடுப்பாய், வாங்க வருகிறவனோடு பேரம் பேசுவாய். பணம் உன் கணக்குக்கு வரும்; அடுத்த நாளே உரியவருக்கு அனுப்பிவிடுவாய். பதினொரு வீடு, நம்முடையதைச் சேர்த்தால் பன்னிரண்டு. பீரோ, வாஷிங் மெஷின், ஏ.சி., தேக்குக் கட்டில், சைக்கிள், மாவு அரைக்கும் கிரைண்டர். யாருக்கும் தனியாகக் கணக்குத் திறந்து கொடுக்க உனக்கும் நேரமில்லை, யாரும் கேட்கவும் இல்லை. "தம்பி போன்லயே போட்ரு" என்றார்கள். நம்மவர்களுக்கு அடுத்தவர் போனில் விற்பது மழைக்கு அடுத்தவர் குடையை வாங்கிப்போவது மாதிரி. குடையில் யார் பெயரும் எழுதியிருக்காது. போனுக்குப் பின்னால் உன் பான் எண் இருந்தது. அதை நீயும் நினைக்கவில்லை, பேரவைச் செய்தியும் நீதிமன்றச் செய்தியும் எழுதியே தலை நரைத்த நானும் நினைக்கவில்லை.

ஒருவர் பெயரில் ஒரு வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்பனை போனால், பணத்தைக் கைமாற்றிவிடும் அந்த இணையத்தளம் ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் வீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இப்போதைய விதி அது. உன் பெயரில் ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் போயிருந்தது. பிடித்தது எழுநூற்றுச் சொச்சம் ரூபாய்தான். ஆனால் அந்த எழுநூறு உன் பான் எண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. நீ தாக்கல் செய்த கணக்கில் சம்பளம் மட்டும் இருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை, விளக்கம் சொல் என்று துறையிலிருந்து உனக்குச் செய்தி வந்தது. அன்று நீ போனில் பேசிய குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கோபப்படவில்லை. "அப்பா, என்னை வியாபாரின்னு நினைக்கிறாங்க" என்றாய். அவ்வளவுதான்.

மாட்டுங்காவில் ஆடிட்டராக இருக்கும் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். என்னோடு வேலை பார்த்தவரின் மகள் என்பதால் கட்டணம் வேண்டாம் என்றாள், காபியும் கொடுத்தாள். "அங்கிள், முதல்ல பயப்படாதீங்கோ. நம்ம ஆத்துல உபயோகிச்ச ஃபிரிட்ஜ், கட்டில், துணிமணி இதையெல்லாம் வித்தா அது வருமானமே இல்லை. சட்டத்துல அதுக்குப் பேர் சொந்த உபயோகப் பொருள்." நஷ்டத்துக்கு விற்றதால்தான் வரி இல்லை என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். பத்தாயிரத்துக்கு வாங்கிய பழைய மர ஊஞ்சலைப் பதினைந்தாயிரத்துக்கு விற்றாலும் வரி இல்லை. நாம் உட்கார்ந்து ஆடிய ஊஞ்சல் என்பதுதான் காரணம். "ஆனா யார் உபயோகிச்சா, யார் வித்தா, அதுதான் கேள்வி. பதினொரு பேர் கட்டில்ல உங்க பிள்ளை படுத்துண்டாரா?" என்று கேட்டுச் சிரித்தாள். எல்லாவற்றையும் உன்னுடையது என்று சொல்லி, 'வரிக்கு உரியதல்ல' என்று ஒரே பொத்தானை அழுத்தலாம். பலர் அப்படித்தான் அழுத்துகிறார்களாம். ஒரு வங்கி ஊழியன் மூன்று மாதத்தில் ஒன்பது வாஷிங் மெஷின் விற்றான் என்றால் எந்த அதிகாரியும் அடுத்த கேள்வி கேட்பார். சரியான வழி, நம்முடையது இவ்வளவு, மற்றது இவர்களுடையது, பணம் இவர்களுக்கே போய்விட்டது என்று பிரித்துக் காட்டுவது. அதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு கடிதம் வேண்டும்.

கடிதம் வாங்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். உனக்கு விடுமுறை கிடையாது, எனக்கு இருப்பதெல்லாம் விடுமுறைதான். ஆனால் அறுபத்தெட்டு வயதில் படியேறி இறங்குவது என்னவென்று எனக்கு இந்த இரண்டு வாரத்தில் தெரிந்தது. ஒரே படிக்கட்டில் இருபத்தெட்டு வருஷம் ஒன்றாக ஏறி இறங்கியவர்கள் இப்போது குர்லா, தாராவி, மாட்டுங்கா, கல்யாண் என்று சிதறிக் கிடக்கிறார்கள். குர்லாவில் ரயில் மாறுகிற பாலத்தில் ஒரு நாள் மூச்சு வாங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த ஒருவன், "சாச்சா, சைடு" என்றான். அந்தப் பாலத்தில் நான் யாருக்கும் சைடு கொடுத்ததே இல்லை. அன்று கொடுத்தேன்.

நம் கட்டடத்தின் லலிதா மாமி மாட்டுங்காவில் அவர் தம்பி வீட்டில் இருக்கிறார். அவருடைய தஞ்சாவூர் ஓவியத்தை, குழந்தைக் கிருஷ்ணன் வெண்ணெய்ப் பானையோடு உட்கார்ந்திருப்பாரே, அதைத் தொண்ணூறாயிரத்துக்கு நீ விற்றுக் கொடுத்தாய். சட்டத்தில் நகை, ஓவியம், சிற்பம் இவையெல்லாம் சொந்த உபயோகப் பொருளில் சேராது. லாபம் வந்தால் காட்ட வேண்டும். இதைச் சொன்னதும் மாமி எழுந்து நின்றுவிட்டார். "என்ன சார் சொல்றேள்? கிருஷ்ணனுக்கு வரியா? எங்க கல்யாணத்துக்கு அப்பா குடுத்தது. தினம் விழுந்து நமஸ்காரம் பண்ணியிருக்கேன். அதுக்கு மேல சொந்த உபயோகம் என்ன இருக்கு சொல்லுங்கோ!" அந்த ஃபிரிட்ஜுக்கு யாரும் நமஸ்காரம் பண்ணவில்லை, ஆனால் அதற்கு வரி இல்லை, உங்கள் கிருஷ்ணனுக்கு உண்டு என்று நான் சொன்னதும் அவர் தம்பி பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். இரண்டாயிரத்து ஒன்றுக்கு முன்னால் கிடைத்த பொருள் என்பதால் அந்த வருஷத்து மதிப்பை வாங்கிய விலையாக வைத்துக் கழித்துக்கொள்ளலாம். மாமிக்கு வேறு வருமானமும் குறைவு. கடைசியில் ஒரு பைசா கட்ட வேண்டியிராது என்று ஆடிட்டர் சொல்லியிருந்ததைச் சொன்னேன். "அப்படீன்னா முதல்லயே அதைச் சொல்லப்படாதா? படபடன்னு வந்துடுத்து" என்று திட்டிக்கொண்டே மாமி கடிதம் எழுதிக் கொடுத்தார்.

நம் கட்டடத்து மைதீன் பாய்க்குச் சிக்கல் வேறு. வீட்டுச் சாமானோடு சேர்த்துத் தாராவியில் இருக்கும் அவருடைய தோல் பை பட்டறையின் இரண்டு பழைய தையல் மெஷின்களையும் நம்மிடம் தந்துவிட்டிருந்தார். தொழிலுக்கு வாங்கிய மெஷின் தொழில் கணக்கில்தான் வர வேண்டும். "அண்ணாச்சி, மெஷின் வீட்டுலதான கிடந்துச்சு, அதுமேல என் பேத்தி உக்காந்து சோறு தின்னா, வீட்டுச் சாமான் ஆவாதா?" என்றார். ஆகாது என்றேன். "சரி, நம்ம கணக்குல நான் காட்டிக்கிடுதேன். தம்பிக்கு எடைஞ்சல் வரப்புடாது" என்று கையெழுத்துப் போட்டார். எல்லாரும் கடைசியில் அதைத்தான் சொன்னார்கள். தம்பிக்கு எடைஞ்சல் வரக்கூடாது.

இந்தக் கடிதங்களில் என்ன எழுத வேண்டும் என்று நானே ஒரு மாதிரி தயாரித்து எடுத்துப் போனேன். பொருள் என்னுடையது, வீட்டில் உபயோகித்தது, இத்தனை ரூபாய்க்குப் போனது, முழுப்பணமும் வந்து சேர்ந்தது. எல்லாரும் அதைப் பார்த்து எழுதினார்கள். நீ யாருக்கும் முழுப்பணத்தில் ஒரு ரூபாய் குறைத்து அனுப்பவில்லை என்பதால் அதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நாற்பது வருஷம் செய்தியாளனாக இருந்தவனுக்கு ஒன்று தெரியும். தப்பான பதில் வராமல் இருக்க எளிய வழி, கேள்வியைக் கேட்காமல் விடுவது. நான் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தேன்.

கடைசியாகக் கல்யாண் போனேன், சண்முகத்தாயைப் பார்க்க. "வாங்க அண்ணாச்சி, வாங்க. இந்த வெயில்ல ஏன் அலையுதிய? ஒரு போன் போட்டா நான் வரமாட்டனா?" என்று விசிறியைத் திருப்பி வைத்தாள். மற்ற வீட்டார் சொல்லிக் கேள்விப்பட்டு, நான் போகும் முன்பே கடிதத்தை எழுதித் தயாராக வைத்திருந்தாள். தாமதமாகக் கூடாது என்று அவள் மகள் சொன்னாளாம். என் மாதிரியைப் பார்க்கவில்லை, தன் மனதில் இருந்ததை எழுதியிருந்தாள். படித்தேன். 'என் ஃபிரிட்ஜ் எட்டாயிரத்துக்குப் போனது. முழுப்பணமும் வந்தது. அதில் நானூறு ரூபாய் தம்பிக்குக் கமிஷனாக அவங்க அப்பா கையில் கொடுத்தேன். நான் மனசாரக் கொடுத்தேன். தம்பி நல்லவன். வேற ஆளாக இருந்தால் ஆயிரம் கேட்டிருப்பான்.'

உன்னைப் புகழ வேண்டும் என்று எழுதியது அது.

இப்போது சொல்கிறேன். ஃபிரிட்ஜ் விற்ற மறுநாள் அவள் என் சட்டைப் பையில் அந்த நானூறைத் திணித்தாள். "தம்பிக்கு டீ செலவுக்கு அண்ணாச்சி." வேண்டாம் என்றேன். "சும்மா வேல வாங்குனா எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நம் ஆட்கள் அப்படித்தான்; ஓசியில் ஒரு வேலை செய்து வாங்கினால் மறுபடி உதவி கேட்க வாய் வராது. அடுத்த முறை வந்தபோது உன்னிடம் கொடுத்திருக்கலாம், நீ திருப்பிக் கொடுத்திருப்பாய். கொடுக்கவில்லை. அவள் கொடுத்தது மற்றவர்களுக்குத் தெரிந்தது. பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஃபிரிட்ஜுக்கு நானூறு, பீரோவுக்கு முந்நூறு, ஏ.சி.க்கு ஐந்நூறு. நான் கேட்கவில்லை, அவர்களாகவே நிர்ணயித்துக்கொண்டார்கள். மாமி ஓவியத்துக்கு இரண்டாயிரம் ஒரு உறையில் போட்டு, மேலே சந்தனம் தடவிக் கொடுத்தார். மொத்தம் பதினான்காயிரத்து அறுநூறு. ஒன்றையும் நான் எழுதி வைக்கவில்லை. இப்போது ஒவ்வொருவரிடமும் போனில் கேட்டுத்தான் கூட்டினேன். பார்த்ததை எல்லாம் குறித்து வைத்தே பிழைத்தவன் இதை மட்டும் குறிக்கவில்லை என்றால், இது தப்பு என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது என்றுதான் அர்த்தம்.

என்ன செய்தேன் என்று கேட்பாய். பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் பிறந்ததும் நீ பணம் போட்டுவிட்டு, "போதுமாப்பா?" என்று கேட்பாய். தாராளம் என்று பதில் போடுவேன். இருபதாம் தேதிக்கு மேல் அது போதாது. உனக்கு வீட்டுக்கடன் இருக்கிறது, போதாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. ரத்த அழுத்த மாத்திரை, மூன்று செய்தித்தாள், உன் அம்மாவுக்கு இரண்டு தடவை நெய்மீன். நல்ல மீன் எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டாள். பழைய கட்டுரை ஒன்றுக்குப் பணம் வந்தது என்றேன். ஒரு பொய் தனியாக இருக்காது ஐயா.

கல்யாணில் நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். சண்முகத்தாய் முகம் மாறிவிட்டது. "தப்பா எழுதிட்டனா அண்ணாச்சி? வேற தாளு இருக்கு, எழுதித் தாரேன்." அந்தக் கமிஷனைப் பற்றிய வாக்கியம் மட்டும் வேண்டாம் என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டை வைத்து, திரும்ப எழுதினாள். எழுதி முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்து, "தம்பி வேலைக்கு எதும் ஆபத்தா?" என்று கேட்டாள். நான் இரண்டு தாளையும் மடித்துப் பையில் வைத்தேன். "அப்படின்னா நான் குடுக்கவே இல்லன்னு சொல்லிருதேன். எவன் வந்து கேட்டாலும் சரி, சாமி மேல சத்தியம் பண்ணிச் சொல்லுதேன். நீங்க வெசனப்படாதிய." அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பங்கார்வாலாவிடம்கூட அந்த ஃபிரிட்ஜின் கதவு சரியாக மூடாது என்று தானாகச் சொன்னவள். எனக்காக, என் நானூறு ரூபாய்க்காக, சத்தியம் பண்ணத் தயாராக இருந்தாள். கல்யாணிலிருந்து திரும்பும் ரயிலில் இரண்டு தாளும் என் பையில் இருந்தன.

வீடு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "எவ்வளவு?" என்றாள். சொன்னேன். "அந்த நெய்மீனா?" ஆமாம் என்றேன். ஆய்ந்த கீரையைத் தள்ளி வைத்தாள். "ஒரு கம்பெனிக்காரன் பிரஸ் மீட்டிங்குல குடுத்த மிக்ஸிய, எட்டு வயசுப் பிள்ளைய கூட்டிக்கிட்டு பஸ் ஏறிப் போய் திருப்பிக் குடுத்துட்டு வந்திய. நான் அம்மியில அரைச்சேன், பேசாம இருந்தேன். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கேன்னு சொன்னிய. இப்ப அந்தப் பிள்ள பேர்ல வாங்கித் தின்னிருக்கிய. என் வாயிலயும் ஊட்டிட்டிய." அந்த மிக்ஸியைத் திருப்பிக் கொடுத்தது எளிது. கொடுத்தவன் அந்நியன், கொடுத்த காரணம் தெரிந்தது, பெட்டி பெரிதாக இருந்தது. பழக்கமான கை சட்டைப் பையில் திணிக்கும் நான்காக மடித்த நோட்டுக்கு நான் தயாராக இருக்கவில்லை. நீயும் பணம் புழங்கும் இடத்தில் வேலை பார்க்கிறாய். உன்னிடமும் வருவது பெட்டியாக வராது.

மறுநாள் ஆடிட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே கேட்டாள். "அங்கிள், சாமான் வித்தது வருமானம் இல்லை. ஆனா வித்துக் குடுத்ததுக்கு வாங்கின பணம் வருமானம்தான். யார் கைக்கு வந்ததோ அவரோட வருமானம். உங்க பென்ஷன், வட்டி எல்லாம் சேர்த்தாலும் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. ஒரு பைசா டேக்ஸ் வராது. நீங்க உங்க பேர்ல காட்டிடலாம்." பிறகு உன் பதிலைத் திரையில் திறந்து அந்த வரியில் பென்சிலை வைத்தாள். "இவர் 'நான் வாங்கலை'ன்னு மட்டும் எழுதியிருந்தா உண்மையா இருந்திருக்கும். 'என் குடும்பத்தினரோ'ன்னு உங்களையும் சேர்த்துண்டிருக்கார்." ஒரு ரூபாய் வரி இல்லாத பணம். வாங்கிய அன்றே உன்னிடம் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பாய், கதை முடிந்திருக்கும். மறைத்ததால் மட்டுமே அதற்கு விலை வந்தது. அந்த விலையில் என் பெயர் இல்லை, உன் பெயர் இருக்கிறது.

'என் குடும்பத்தினரோ' என்று உன்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. கேள்வியிலும் அது இல்லை. நீயாக எழுதினாய். வாங்காதீங்க என்று சொன்னாய், அப்பா வாங்கியிருக்க மாட்டார் என்று நம்பினாய். கேட்டுப் பார்க்கவேண்டும் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் அந்த இரண்டு சொல்லைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இந்த உறையில் பதினொரு கடிதங்கள் இருக்கின்றன. சண்முகத்தாயினுடையது முதலில் எழுதியது; இரண்டாவது தாளைக் கிழித்துவிட்டேன், கிழித்ததை அவளுக்கும் போனில் சொல்லிவிட்டேன். "நல்லதாப் போச்சு அண்ணாச்சி, நேத்து முழுக்க எனக்கு சோறு எறங்கல" என்றாள். மற்ற பத்துப் பேரின் கடிதத்துக்கும் கீழே அவர்களிடமிருந்து நான் பெற்ற தொகையை என் கையால் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். கூடவே என்னுடைய வாக்குமூலம் ஒன்று இருக்கிறது. அதில் தொகை இருக்கிறது, வாங்கியவன் நான் என்று இருக்கிறது, வேண்டாம் என்று மகன் முன்பே சொல்லியிருந்தான் என்று இருக்கிறது, அவனுக்குத் தெரியாமல் வாங்கினேன் என்று இருக்கிறது. உன் வங்கியில் யாராவது கேட்டால் அதையே கொடு. என்னை வந்து பேசச் சொன்னாலும் வருகிறேன். பணத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் திருப்பித் தர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அதற்குச் சில மாதம் ஆகும், அதை உன்னிடம் கேட்கமாட்டேன்.

உன் பதிலில் ஒரு வரியை மட்டும் மாற்று. 'நான் எந்தக் கமிஷனும் பெறவில்லை. எனக்குத் தெரியாமல் என் தந்தை பதினான்காயிரத்து அறுநூறு ரூபாய் பெற்றிருக்கிறார். அவருடைய வாக்குமூலம் இணைக்கப்பட்டுள்ளது.' இப்படி எழுத உனக்குக் கை வராது என்று தெரியும். அப்பா பெயரை விட்டுவிடலாம், குடும்பத்தினர் என்பதை மட்டும் அடித்துவிட்டால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். எனக்கும் அந்த மூன்று மாதமும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. நான் சொன்னபடியே எழுது. அனுப்பிய பிறகு எனக்குப் போன் செய்ய வேண்டாம், செய்தால் இருவரும் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வா. அன்று நீ என்ன கேட்டாலும் இருந்து கேட்டுக்கொள்கிறேன்.